சிக்கலின்றிக் கன்று ஈன எந்தக் காளை? சிறிய இறைச்சி மாட்டு மந்தைக்கு ஒரு முழு வழிகாட்டி

பன்னிரண்டு பசுக்கள் உள்ள மந்தையில் ஈற்றின்போது ஒரு கன்று இறந்தால், அந்த ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. நூறு பசுக்கள் வைத்திருப்பவருக்கு அதே சாவு ஒரு சதவீத இழப்பு. சிறிய மந்தைக்காரருக்கு எட்டு சதவீதத்துக்கும் மேல். மருத்துவரை நள்ளிரவில் வரவழைத்து வயிற்றைக் கீறிக் கன்றை எடுக்க நேர்ந்தால் அந்தச் செலவு தனி. அப்படிப்பட்ட பசு மீண்டும் பருவத்துக்கு வரத் தாமதமாகும். அடுத்த ஆண்டுக் கன்றும் தள்ளிப்போகும். அதனால் சிறிய மந்தைக்குக் காளை தேடும் யாரிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: இரவு இரண்டு மணிக்குத் தொழுவத்தில் ஆள் இல்லாவிட்டாலும் இந்தக் காளையின் கன்று உயிரோடு வெளியே வருமா?

இந்தக் கட்டுரை அயர்லாந்தின் சக்லர் மந்தைகளை வைத்து எழுதப்பட்டது. சக்லர் என்றால், பால் கறக்காமல் தாய்ப்பால் முழுவதையும் கன்றுக்கே விட்டு, கன்றை இறைச்சிக்காக வளர்க்கும் முறை. நம் ஊர்க் கறவை மாட்டுக்காரருக்குக் கன்று போனாலும் பால் மிஞ்சும். இங்கே கன்று ஒன்றுதான் வரவு. அயர்லாந்தில் இத்தகைய மந்தைகளின் சராசரி அளவு இருபது பசுக்களுக்கும் குறைவு. மேயோ, கால்வே, ராஸ்காமன், லீட்ரிம், கிளேர் போன்ற மேற்குப் பகுதி மாவட்டங்களில் இவற்றை நடத்துவோரில் பலர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது. காளைத் தேர்வில் இதை மறக்கக் கூடாது.

முதல் படி: காளைக்கு முன் பசுக்களைப் பாருங்கள்

கன்று சிக்கிக்கொள்வதற்கு மிக முக்கியமான காரணம், கன்றின் பருமனும் தாயின் இடுப்பெலும்பு வழியின் அகலமும் பொருந்தாமல் போவது. கன்றின் எடை பொதுவாகத் தாயின் எடையில் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 600 கிலோ பசுவுக்கு 42 கிலோ கன்று என்பது இயல்பான கணக்கு. காளைக் கன்றுகள் கிடேரிக் கன்றுகளைவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாகப் பிறக்கும். காளையைத் தேர்ந்தெடுப்பதால் நாம் மாற்றக்கூடியது கன்றின் பருமனையும் வடிவத்தையும் மட்டுமே. வழியின் அகலம் பசுவிடம் இருக்கிறது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, பசுக்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: வயது, எத்தனையாவது ஈற்று, முன்பு கையால் இழுக்க வேண்டியிருந்ததா, உடல்வாகு எப்படி, எந்த இனக் கலப்பு. எழுதி முடிக்கும்போது மந்தை மூன்றாகப் பிரிந்து நிற்கும். பலமுறை சிரமமின்றி ஈன்ற பெரிய பசுக்கள் ஒரு பக்கம். பின்தொடை திரண்ட, சதைப்பிடிப்பான பசுக்கள் இன்னொரு பக்கம். பார்க்க அகலமாகத் தெரிந்தாலும் இவற்றின் உள்வழி குறுகலாக இருப்பது உண்டு. மூன்றாவதாகத் தலையீற்றுக் கிடேரிகள். கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

ஒரே காளைதான் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், மந்தையில் மிக எளிதில் சிக்கிக்கொள்ளக்கூடிய மாட்டுக்கு ஏற்ற காளையை வாங்குங்கள். சிறந்த பசுவை நினைத்து வாங்கிய காளை, மோசமான பசுவிடம் போய் நிற்கும். அது முடியாவிட்டால் கிடேரிகளைப் பிரித்து அவற்றுக்கு மட்டும் சினை ஊசி போடுங்கள். வளர்ந்த பசுக்களைக் காளையிடம் விடுங்கள்.

கிடேரியைச் சினைக்கு விடும்போது, அது வளர்ந்த பிறகு எட்டும் எடையில் 60 முதல் 65 சதவீதம் இருக்க வேண்டும். தாய் 650 கிலோ என்றால், கிடேரி ஏறக்குறைய 400 கிலோ. பதினைந்து மாதத்தில் இந்த எடையை எட்டினால் இரண்டு வயதில் ஈனும். எட்டாததை அந்தப் பருவத்தில் சினைக்கு விடாதீர்கள். எந்த எளிய காளையும் வளர்ச்சி குன்றிய கிடேரியைக் காப்பாற்றாது. சினைக்கு விடும் முன் கால்நடை மருத்துவரை அழைத்து, மலக்குடல் வழியாக அளவுகோல் வைத்து இடுப்பெலும்பு வழியை அளக்கச் சொல்லலாம். மிகக் குறுகலானவற்றை அப்போதே விற்றுவிட்டால் பின்னர் ஒரு கெட்ட இரவு மிச்சமாகும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று: தாயோடு மேயும் ஆறேழு மாதக் கிடேரிக் கன்றுகள். நன்றாகப் பால் குடித்து வளர்ந்த இறைச்சி இனக் கன்று, அந்த வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். காளை அதே மேய்ச்சல் வயலில் இருந்தால், பதினைந்து பதினாறு மாத வயதில் அது ஈன வேண்டிய கொடுமை நேரும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் காளையைத் தனியே பிரித்துவிடுங்கள். ஆறு மாதம் தாண்டிய காளைக் கன்றுகளையும் கிடேரிகளோடு விட வேண்டாம்.

இரண்டாம் படி: கன்று எங்கே போகப்போகிறது?

எட்டுப் பத்து மாதத்தில் சந்தையில் விற்பவரா, சொந்தமாகவே கொழுக்க வைத்து இறைச்சி ஆலைக்கு அனுப்புபவரா, கிடேரிகளை மந்தைக்கே வைத்துக்கொள்பவரா? அயர்லாந்துக் கன்றுகளை இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வாங்கிப் போகும் வணிகர்கள் பின்தொடை திரண்ட ஐரோப்பியக் கண்டத்து இனக் கன்றுகளுக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை தருவார்கள். கறுப்பு அங்கஸ் கன்றுக்கு அந்த விலை கிடைக்காது. மறுபக்கம், ஆலைகள் அங்கஸ், ஹெரிஃபோர்டு இறைச்சிக்குத் தனி ஊக்கத்தொகை தருகின்றன. கன்று விற்பவர் ஊக்கத்தொகையை நம்பி அங்கஸ் வாங்கினால் பலன் அவருக்கு முழுதாக வராது. கொழுக்க வைப்பவருக்கே போகும்.

கிடேரிகளை வைத்துக்கொள்பவருக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. அவர் வாங்கும் காளை கன்றுகளின் தகப்பன் மட்டுமல்லாமல், நாளை ஈனப்போகும் பசுக்களின் தகப்பனும் ஆகிறது. இதைப் பற்றி நான்காம் படியில் விரிவாக வருகிறது.

மூன்றாம் படி: இனங்களை அறிந்துகொள்ளுங்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்த அங்கஸ், எளிய ஈற்றுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர். கன்று சிறியது, தலை ஒடுக்கமானது, பிறந்ததும் எழுந்து மடியைத் தேடும் சுறுசுறுப்பு உண்டு. சினைக்காலமும் குறைவு, கண்டத்து இனங்கள் பலவற்றைவிடச் சில நாட்கள் முன்னதாகவே ஈற்று வந்துவிடும். கொம்பில்லாத தன்மை இந்த இனத்தில் ஓங்கு பண்பு என்பதால், கொம்புக் குருத்தைச் சுடும் வேலையும் இல்லை. தனியாளாக மாடு வளர்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுக்கும் ஏறக்குறைய இதே குணங்கள். சாந்தத்தில் ஒரு படி மேல் என்பேன். வெள்ளை முகம் கன்றுக்கு அப்படியே வரும் என்பதால், எந்தக் காளையின் கன்று என்று தூரத்திலிருந்தே தெரியும். கொம்புள்ள கிளை, கொம்பில்லாத கிளை இரண்டும் இருப்பதால் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். பீஃப் ஷார்ட்ஹார்ன் இனமும் எளிய ஈற்றுக்காரர்தான். தாய்மைக் குணமும் பாலும் நன்றாக இருக்கும். சந்தையில் கன்று விலை மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

பிரான்சின் ஒவெர்ன் மலைப்பகுதியிலிருந்து வரும் சலேர், இந்தத் தலைப்பில் தனியாகக் குறிப்பிட வேண்டிய இனம். இதன் பசுக்களுக்கு இடுப்பெலும்பின் உள்வழி அகலமானது. கன்று நீளமாகவும் மெலிவாகவும் பிறந்து பிறகு சதை போடும். கண்டத்து இன வளர்ச்சியும் பிரித்தானிய இன எளிமையும் ஒருசேர வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல பாதை. சில வம்சங்களில் முரட்டுத்தனம் உண்டு. குணத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதே பகுதியின் ஒப்ராக், சாந்தமும் உறுதியான குளம்பும் கொண்ட மலை மாடு. பெரிய சதைப்பிடிப்பை எதிர்பார்க்காமல் நீண்ட நாள் உழைக்கும் பசுக்கள் வேண்டுமென்றால் இதைப் பார்க்கலாம்.

லிமோசின்தான் சிறிய மந்தைக்காரர்கள் பலருக்கு நடுவழி. மெல்லிய எலும்பு, ஒடுங்கிய உடல், ஆனால் வெட்டும்போது கறி அதிகம். இதற்கு ஒரு மரபணுக் காரணமும் இருக்கிறது. தசை வளர்ச்சிக்கு எல்லை போடும் மயோஸ்டாட்டின் மரபணுவில் எஃப்94எல் என்ற மாற்றம் லிமோசினில் பரவலாக உண்டு. அது கறியைக் கூட்டுகிறது, ஈற்றுச் சிரமத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. பெல்ஜியன் ப்ளூவில் இருப்பது அதே மரபணுவின் வேறு மாற்றம், என்டி821. அது மரபணுவையே செயலிழக்கச் செய்வதால் தசை இரட்டிப்பாகத் திரள்கிறது. தூய பெல்ஜியன் ப்ளூ கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை அறுவைச் சிகிச்சை மூலமே பிறக்கின்றன. கலப்பினப் பசுவுக்குப் போடும்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை. பால் பண்ணைகளில் எளிய ஈற்றுள்ள ப்ளூ காளைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பகலில் வீட்டில் இல்லாத சிறு விவசாயிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். லிமோசினிடம் கவனிக்க வேண்டியவை இரண்டு: சினைக்காலம் ஏறக்குறைய 288 நாள், அங்கஸைவிட ஒரு வாரம் வரை நீளம், சில வம்சங்களின் சூடான சுபாவம்.

சார்லே கன்றுக்குச் சந்தையில் கிராக்கி அதிகம். அதன் எலும்பும் தோளும் பெரியவை. அகலமான, பழகிய பசுக்களுக்கு, ஈற்றுக் கணக்கு நன்றாக உள்ள சார்லே உறைவிந்து சரி, கிடேரிக்கு வேண்டாம். சிமெண்டால் பால்வளத்துக்குப் பேர்போனது; ஈற்றில் நடுத்தரம், காளைக்குக் காளை வேறுபாடு மிக அதிகம்.

நான்காம் படி: இனத்தின் பெயரை விட்டு எண்ணுக்கு வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள். இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் போலவே, ஓர் இனத்துக்குள் காளைக்கும் காளைக்கும் உள்ள வேறுபாடும் பெரிது. பெரிய உடம்புக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட அங்கஸ் காளை, எளிய ஈற்று லிமோசினைவிட அதிகமாகக் கன்றைச் சிக்கவைக்கும். “அங்கஸ்தானே, பயமில்லை” என்று நம்பித் தலையீற்றுக் கிடேரிகளை விடுவது ஆபத்து.

அயர்லாந்தில் ஐ.சி.பி.எஃப் எனப்படும் கால்நடை இனப்பெருக்கக் கூட்டமைப்பு ஒவ்வொரு காளைக்கும் யூரோ-ஸ்டார் மதிப்பீடு தருகிறது. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை. ஐந்து என்றால் மேல்மட்ட 20 சதவீதம். இறைச்சிக்குக் கன்று விற்பவருக்கு ஒரு குறியீடு, கிடேரிகளை மந்தைக்கு எடுப்பவருக்கு இன்னொரு குறியீடு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இறைச்சிக் குறியீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய காளை எளிதில் கன்று தரும் என்று பொருளில்லை. குறியீடு என்பது பல குணங்களைக் கூட்டிக் கழித்து வந்த மொத்தப் பணமதிப்பு; கறி எடையில் கிடைத்த மதிப்பெண், ஈற்றில் இழந்ததை மறைத்துவிடும். நட்சத்திரத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, “ஈற்றுச் சிரமம்” என்ற வரியில் உள்ள சதவீதத்தைப் படியுங்கள்.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது? விவசாயி கன்றைப் பதிவு செய்யும்போது ஈற்றை ஒன்று முதல் நான்கு வரை தரப்படுத்துகிறார். உதவியே தேவைப்படவில்லை என்றால் 1, சற்று உதவினால் 2, கடுமையாக இழுக்க வேண்டியிருந்தால் 3, மருத்துவர் வர நேர்ந்தால் 4. மூன்றும் நான்கும் எத்தனை சதவீதம் வரும் என்று எதிர்பார்ப்பதே அந்த எண். 5 என்றால் இருபது ஈற்றில் ஒன்று. பன்னிரண்டு பசு மந்தையில் அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைக்குச் சற்று மேல். 10 என்றால் ஆண்டுக்கு ஒன்றுக்கும் மேல். உங்கள் மந்தையின் எண்ணிக்கையால் இப்படிப் பெருக்கிப் பார்த்தால், வெறும் எண் உடனே உறைக்கும்.

கிடேரிக்கும் பசுவுக்கும் தனித்தனி எண் கொடுக்கப்படுகிறது. பசுக்களில் 4 சதவீதம் காட்டும் காளை, கிடேரிகளில் அதைவிட வெகுவாகக் கூடுதலாகக் காட்டலாம். கிடேரிகளை அதனிடம் விடுவதாக இருந்தால் கிடேரிக்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம்பகத்தன்மைச் சதவீதம். இரண்டு காளைகளை வைத்துக்கொள்வோம். முதலாவது இளங்காளை: ஈற்றுச் சிரமம் 3, நம்பகத்தன்மை 40. இரண்டாவது சினை ஊசி நிலையத்தின் காளை: ஈற்றுச் சிரமம் 5, நம்பகத்தன்மை 95. கிடேரிக்கு எது? நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். முதல் காளையின் 3 என்பது பெற்றோரையும் மரபணுச் சோதனையையும் வைத்துப் போட்ட ஊகம். கன்றுகள் பிறந்து விவரம் சேரும்போது அது 1 ஆகவும் மாறலாம், 8 ஆகவும் மாறலாம். இரண்டாவதின் 5 ஏராளமான ஈற்றுகளைப் பார்த்து உறுதியானது; இனி அதிகம் நகராது. இளங்காளையை வாங்குவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. முதல் ஆண்டில் அதைப் பழகிய பசுக்களிடம் மட்டும் விட்டு, கன்றுகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள்.

சினைக்கால நீளத்தையும் விடாதீர்கள். கடைசி நாட்களில் கன்று நாளொன்றுக்குச் சுமார் அரை கிலோ வரை கூடும். இரண்டு மூன்று நாள் முன்னதாக ஈனவைக்கும் காளை என்றால் எடையும் அந்த அளவுக்குக் குறையும்; அதோடு பசுவுக்கு மறுபடி சினைபிடிக்க அவகாசமும் கூடுகிறது. ஆண்டுக்கு ஒரு கன்று என்ற இலக்கில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

கிடேரிகளை வைத்துக்கொள்பவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு வரி, “மகள்களின் ஈற்றுச் சிரமம்”. ஒரு காளையின் கன்று எளிதாகப் பிறப்பது வேறு, அந்தக் காளையின் மகள் எளிதாக ஈனுவது வேறு. பிறப்பெடை மிகக் குறைந்த காளைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், கிடேரிகளும் சிறுத்து, இடுப்பு வழியும் சிறுத்து, பத்தாண்டு கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். சலேர், ஒப்ராக் போன்ற இனங்களைப் பலர் தாய்வழிக்கு விரும்புவது இதனால்தான். எல்லாவற்றிலும் சிறிய எண்ணைத் துரத்துவதைவிட, ஈற்றில் நல்ல எண்ணும் வளர்ச்சியில் நடுத்தர எண்ணும் மகள் ஈற்றில் நல்ல எண்ணும் கொண்ட காளையே சிறு மந்தைக்குப் பொருந்தும்.

பிரித்தானியாவிலிருந்து காளையோ உறைவிந்தோ வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே தரப்படும் மதிப்பு “ஈற்று எளிமை”. எண் கூடக் கூட நல்லது. அயர்லாந்தின் “ஈற்றுச் சிரமம்” குறையக் குறைய நல்லது. இரண்டையும் ஒரே கண்ணோடு படித்தால் நேரெதிரான காளையை வாங்கிவிடுவோம்.

ஐந்தாம் படி: காளையை நேரில் பாருங்கள்

எண்கள் கையில் இருந்தாலும் கண்ணுக்கும் வேலை உண்டு. தோள் எலும்புகளின் மேல்முனை சதைக்கு மேலே துருத்திக்கொண்டு அகன்று நிற்கிறதா, தலை பெருத்து நெற்றி அகன்றிருக்கிறதா, முன்னங்கால் எலும்பு தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பின்தொடை எவ்வளவு திரண்டிருந்தாலும் தோளும் தலையும் ஒடுங்கியிருந்தால் நல்லது. காளையை நடக்கவிட்டு, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் விழுகிறதா என்று கவனியுங்கள். கால் சரியில்லாத காளை பசுவின் மேல் ஏறாது.

விற்பவர் கொடுக்கும் சான்றை மட்டும் நம்பாமல், மருத்துவரைக் கொண்டு இனப்பெருக்கத் தகுதிச் சோதனை செய்யுங்கள்: விந்தில் உயிரணுக்களின் அசைவு, வடிவம், விதைப்பையின் சுற்றளவு. இரண்டு வயதுக் காளைக்கு 34 செ.மீ. இருந்தால் திருப்தி. முழு மலட்டுக் காளைகள் அரிது. சினைபிடிக்கும் விகிதம் குறைந்தவை அப்படியில்லை, அவை கண்ணுக்குப் பிடிபடாமல் ஆண்டையே வீணாக்கும். ஒரே காளையை நம்பும் மந்தையில் அது தாங்க முடியாத அடி. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால், இனப்பெருக்கக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே காளை உங்கள் இடத்துக்கு வந்து, தனிமைப்படுத்தலையும் முடித்துத் தீவனத்துக்குப் பழகியிருக்க வேண்டும். பி.வி.டி., ஐ.பி.ஆர். எனும் வைரஸ் நோய்கள், காசநோய், யோனிஸ் எனும் குடல் நோய் ஆகியவற்றின் நிலையை வாங்கும் முன் கேளுங்கள்.

குணத்தை எண்ணிலும் நேரிலும் பார்க்க வேண்டும். கொட்டிலுக்குள் நீங்கள் நுழையும்போது தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டும் காளையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஈன்ற பசுவிடம் தனியாகப் போகிறவர் நீங்கள். அந்தக் காளையின் மகள்தான் நாளை அங்கே நிற்பாள்.

ஆறாம் படி: காளையா, சினை ஊசியா?

பத்துப் பசுவுக்கு ஒரு காளை வைத்துத் தீனி போடுவது வரவு செலவுக் கணக்கில் அரிதாகவே ஒத்துவரும். சினை ஊசியின் பெரிய வசதி, ஒவ்வொரு பசுவுக்கும் தனித்தனிக் காளையைத் தேர்ந்தெடுக்கலாம். நம்பகத்தன்மை 90க்கு மேல் உள்ள காளைகள் எளிதில் கிடைக்கும். சிக்கல் பருவம் கண்டறிவதில். கன்று ஊட்டும் பசு பருவத்துக்கு வரத் தாமதமாகும், வந்தாலும் சில மணி நேரமே காட்டும், நீங்கள் அப்போது வேலையில் இருப்பீர்கள். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மருத்துவர் உதவியோடு யோனியில் ஹார்மோன் சாதனம் வைத்துப் பருவத்தை ஒருங்கிணைத்து, குறித்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவது. முதல் ஊசியிலேயே பாதிக்குச் சற்று மேல் சினைபிடிக்கும். இன்னொன்று, விந்துக்குழாய் நீக்கிய காளைக்கு மோவாயில் வண்ணப்பட்டை கட்டி விட்டு, வண்ணம் பட்ட பசுவைக் கண்டுபிடிப்பது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, கிடேரிகளுக்கு ஒருங்கிணைத்த சினை ஊசி, மற்றவற்றுக்கு அண்டை வீட்டாரோடு பகிரும் காளை அல்லது சொந்தக் காளை. பகிரும்போது நோய்ப் பரிசோதனையில் இரு மந்தைகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். வயது வந்த காளை முப்பது பசுக்களைத் தாங்கும்; பதினைந்து மாதக் காளைக்குப் பதினைந்து இருபதுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: சினை பிடித்த பின்

நல்ல காளையின் பலனைத் தீவனத்தால் கெடுத்துவிட முடியும். ஐந்து புள்ளி உடல்வாகு அளவில் (1 என்றால் மிக மெலிவு, 5 என்றால் மிகக் கொழுப்பு) பசு ஈனும்போது 2.5 முதல் 3 வரை இருக்கட்டும். விலாப் பகுதியைக் கையால் அழுத்திப் பார்த்தால் விலா எலும்புகள் லேசாகத் தட்டுப்பட வேண்டும். வால் அடியில் கொழுப்பு மேடு போட்டிருந்தால் அதே கொழுப்பு உள்வழியையும் அடைத்திருக்கிறது. பயந்துபோய்க் கடைசி மாதத்தில் பட்டினி போடுவதும் தவறு. கன்று தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். தாய்க்கு முக்க வலு இருக்காது, சீம்பாலும் தரமிழக்கும். மெலிய வைக்க வேண்டுமென்றால் சினையின் நடுப்பகுதியிலேயே மெதுவாகச் செய்ய வேண்டும். மக்னீசியம், அயோடின், செலினியம் அடங்கிய தாது உப்பைக் கடைசி ஆறு வாரங்களுக்குக் கொடுங்கள்.

வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பயனுள்ள உத்தி: ஈற்றுக்குச் சில வாரம் முன்பிருந்தே பகலில் தீவனத் தொட்டியை அடைத்து, மாலையில் மட்டும் சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய புல்) வையுங்கள். இரவெல்லாம் தின்று அசைபோடும் பசுக்களில் அதிகமானவை பகல் நேரத்தில் ஈனும். விடுமுறை எடுக்கும் நாட்களைத் திட்டமிட இது உதவும்.

எட்டாம் படி: ஈற்று நேரமும் குறிப்பேடும்

பசு தனித்து ஒதுங்கி, வாலைத் தூக்கி, எழுந்தும் படுத்தும் அலையும் முதல் கட்டம் இரண்டு முதல் ஆறு மணி நேரம். கிடேரியில் இன்னும் நீளும். இந்தக் கட்டத்தில் இழுக்கக் கூடாது, கருப்பை வாய் திறந்திருக்காது. பனிக்குடம் தெரிந்தபின் ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், கையைக் கழுவிச் சோதியுங்கள். குளம்பின் அடிப்புறம் கீழ்நோக்கி இருந்தால் முன்னங்கால். மேல்நோக்கி இருந்தால் பின்னங்காலாக இருக்கலாம், உடனே மருத்துவரை அழையுங்கள். கயிற்றைக் குளம்புக்கு மேலுள்ள மூட்டுக்கு மேலே கட்டி, பசு முக்கும்போது மட்டும் இழுங்கள். இருவர் கையால் இழுத்தும் அந்த மூட்டு ஒரு கையகலம்கூட வெளியே வராவிட்டால் தோள் இன்னும் உள்வழியில் நுழையவில்லை. அந்த நிலையில் ஜாக் எனும் இழுவைக் கருவியை வைத்து இழுப்பது கன்றைக் கொல்லும், தாயின் நரம்பையும் நசுக்கும். மருத்துவரை அழைக்க அதுதான் நேரம்.

கன்று பிறந்த அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள்: தாயின் எண், தகப்பன், தேதி, கன்று காளையா கிடேரியா, ஒன்று முதல் நான்கு வரையான தரம். பதிவின்போதும் அதே தரத்தை உண்மையாகக் கொடுங்கள். 3 என்று சொல்ல வேண்டியதை 1 என்று எழுதினால், அந்தக் காளையின் எண் பொய்யாகி, யாரோ ஒருவரின் கிடேரி அதற்கு விலை கொடுக்கும். மூன்று அல்லது நான்கு வாங்கிய பசுவை, காரணம் கன்று தவறாகத் திரும்பியிருந்தது என்றால் மன்னிக்கலாம். குறுகிய இடுப்பு என்றால் கன்று பிரிந்ததும் விற்றுவிடுங்கள்.

காளையை எப்போது மாற்றுவது என்பதையும் அதே குறிப்பேடு சொல்லும். கிடேரிகளை வைத்துக்கொள்கிறவராக இருந்தால், காளையின் முதல் இனப்பெருக்கப் பருவத்தில் கருவான மகள்கள் பதினைந்து மாதத்தை எட்டுவது அதன் மூன்றாம் பருவத்தில். அதற்குமுன் காளையை விற்றாக வேண்டும், அல்லது மகள்களுக்கு வேறு காளையின் உறைவிந்து. அந்த நேரத்தில் விற்பனைக்கு வரும் காளைக்கு வாங்குபவர் கிடைப்பது எளிது. கன்றுகள் பிறந்து ஈற்று எண்ணின் நம்பகத்தன்மை அதற்குள் உயர்ந்திருக்கும்.